வாத்திடம் யாரும் தெருக் கேட்பதில்லை

ஒவ்வொரு மே மாதமும் என் இன்ஸ்டாகிராம் முழுக்கப் பாங்காங் ஏரிதான். புதுசாகக் கல்யாணமான ஐடி ஜோடிகள், வாடகைக்கு எடுத்த புல்லட், நீலத் தண்ணி, கை கோத்து ஒரு படம். எங்க வள்ளியூர்க்காரர்களும் அதில் உண்டு. உடனே ஒரு மண்வாசனை எழுத்தாளர் கிளம்பிவிடுவார்: "நம்மூர்க் குளத்தைப் பார்க்காமல் லடாக் எதற்கு?"

என் சண்டை அவரோடுதான்.

அவர் எந்தக் குளத்தைச் சொல்கிறார் என்று தெரியும். வள்ளியூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயம் ஆனது, இன்று ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணி வந்தால் நிரம்பும். லடாக், திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. நம்ம ஜோடிகள் மே மாதம் வடக்கே வண்டி ஏறும்போது, அது முன்னாடியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு ஆணும் பெண்ணும் நம்ம ஜில்லாவில் ஏதாவது ஒரு குளத்தங்கரையில் சாயங்காலம் அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா? பத்தாவது நிமிஷம் ஒரு பைக் வந்து நிற்கும். "நீ யாரு மவ? எந்த ஊரு? எந்தத் தெரு?" தெரு என்பது இங்கே விலாசம் இல்லை, சாதி. கழுத்தில் தாலி இருந்தாலும் கேள்வி வரும். தாலி இல்லையென்றால் வீட்டுக்குப் போன் போகும். சாதி வேறென்றால் அரிவாள்வரை போகும். நெல்லையில் இதை யாரும் மிகை என்று சொல்ல முடியாது.

பாங்காங்கில் யாரும் தெருக் கேட்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேலே, ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் நம்ம பிள்ளைகளால் மூச்சு விட முடிகிறது. அதைப் போய் 'மோகம்' என்று நக்கலடிக்கிறார்கள்.

அதற்காக ஜோடிகளையும் சும்மா விடுவதற்கில்லை. பத்து நாள் லீவுக்குச் சுதந்திரத்தை வாடகைக்கு எடுத்து அனுபவித்துவிட்டு, ஊர் திரும்பியதும் தங்கச்சியிடம் "அந்தப் பையன் எந்தத் தெரு?" என்று கேட்கிற அண்ணன்கள் எனக்குத் தெரியும். புல்லட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்போல.

கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். யார், எவர் என்று கேட்காமல், கூடு கட்டுகிற உயிருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்த மண் இது. பறவைக்குச் செய்ததை மனுசனுக்குச் செய்ய என்ன கேடு?

மண்வாசனைக்காரர்களே, அடுத்த கட்டுரையை அதைப் பற்றி எழுதுங்கள். குளத்தங்கரையில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தால் பார்க்காத மாதிரி நடந்து போகச் சொல்லுங்கள். அதற்கு லீவு வேண்டாம், புல்லட் வேண்டாம், ஏரியின் நிறம்கூட நீலமாக இருக்க வேண்டியதில்லை.