தலை போயிற்று, தைலம் போகவில்லை

ராஜாக்களை ஒழித்த ஐரோப்பிய தேசங்களைப்பற்றிப் பேசுகிறவர்களில் பலர், ராஜாவின் தலையை வாங்கியதோடு காரியம் முடிந்துவிட்டதாகவே கருதுகின்றார்கள். நாம் அப்படிக் கருதுவதற்கில்லை. ராஜாவைத் தாங்கி நின்றவை இரண்டு. ஒன்று, அவனுக்குத் தைலம் பூசி "கடவுளால் நியமிக்கப்பட்டவன்" என்று சொன்ன பாதிரி. மற்றொன்று, உழுகிறவனிடமிருந்து பறித்த நிலம். இவற்றில் கைவைத்தார்களா என்பதே நமது கேள்வி.

இங்கிலாந்தில் 1649-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. பிரபுக்கள் சபையும் எடுபட்டது. நல்லது. ஆனால், அதே வருஷம் சர்ரே ஜில்லாவில் ஒரு குன்றின்மேல் சில ஏழைகள் பொதுத் தரிசைக் கொத்திப் பயிரிடத் துணிந்தபோது, நிலக்காரர்கள் அவர்களை அடித்துத் துரத்தினார்கள். தசமபாகம் கொடுப்பதும் ஓயவில்லை. பலன் என்ன? 1660-ல் வெட்டுண்டவன் மகனையே அழைத்துச் சிம்மாசனத்தில் வைத்தார்கள். வெட்டுண்டவனோ தியாகியாகிவிட்டான்! 1859 வரையில் ஜனவரி 30-ந் தேதிக்கென்று ஜபப் புஸ்தகத்தில் தனி வழிபாடே இருந்துவந்தது.

பிரெஞ்சுக்காரர் சற்று ஆழமாகவே வெட்டினார்கள். 1789 ஆகஸ்டில் தசமபாகத்தை ஒழித்தார்கள். நவம்பரில் கோவில் சொத்தெல்லாம் தேசத்தின் சொத்தென்றார்கள். 1793 ஜனவரியில் 16-வது லூயியின் தலை போயிற்று. ஜூலையில் பிரபுக்களின் பழைய பாத்தியதைகளும் ஈடின்றிப் போயின. அக்டோபரில் ரீம்ஸ் பட்டணத்தில், புறா ஒன்று ஆகாயத்திலிருந்து கொண்டுவந்ததாகப் புளுகப்பட்ட தைலக்குப்பியை எல்லோரும் பார்க்க உடைத்தார்கள். இடி விழவில்லை, வேறு குப்பியுடன் புறாவும் வரவில்லை. அப்படியிருந்தும் 1825-ல் 10-வது சார்லஸ் அங்கே முடிசூட்டிக்கொண்டபோது, உடைந்த குப்பியிலிருந்து கொஞ்சம் தப்பியிருந்ததென்று பாதிரிகள் எடுத்துவந்தார்கள்! அவன் 1830-ல் ஓடினான். விற்கப்பட்ட நிலத்தை மட்டும் திரும்பிவந்த ராஜாக்கள் பிடுங்கத் துணியவில்லை. அதில் நல்ல பங்கு பணக்காரர் கைக்கே போயிற்றென்பது வேறு சங்கதி.

ருஷியாவில் 1917 மார்ச்சில் ஜார் இறங்கினான். நவம்பரில் ஜமீன் நிலமும் மடத்து நிலமும் ஈடின்றிப் பறிக்கப்பட்டன. பின்னால் சர்க்காரே கூட்டுப்பண்ணையென்று குடியானவனிடமிருந்து நிலத்தைப் பிடுங்கியதை நாம் மறைக்கப் போவதில்லை. 1991-ல் அந்த ஆட்சியும் கலைந்தது. பாதிரிகள் மாத்திரம் கலையவில்லை. 2000-ல் ஜாரைக் குடும்பத்தோடு "புனிதர்" ஆக்கினார்கள்.

இங்கிலாந்திலோ, 2023 மே மாதத்தில் மூன்றாம் சார்லஸுக்கு, ஜெருசலேமில் மந்திரித்துக் கொண்டுவந்த தைலத்தைப் பூசினார்கள். அதுவும் ஒருவரும் பார்த்துவிடாதபடி திரை கட்டிக்கொண்டு!