பிள்ளையின் தோளில் பெற்றோரின் சொற்சுமை

வைத்தியசாலையின் சிறுவர் வெளிநோயாளர் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவ மாணவர்களாகிய எமக்கு முதலிற் கற்பிக்கப்படுவது ஊசி ஏற்றுவதோ மருந்து எழுதுவதோ அன்று, கேட்டறிவதே. காய்ச்சல் தொடங்கிய நாள், உணவு, உறக்கம், முன்னர் வந்த நோய்கள் ஆகியவற்றைத் தாயிடம் ஒழுங்காகக் கேட்டறிந்தால் நோயின் பாதி வெளிப்பட்டுவிடும். கைக்குழந்தை தன் நோவைத் தானே சொல்லாது. அதற்காகப் பேசுபவள் தாயே.

ஆனால், புலம்பெயர்ந்த எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் அத்தாயின் சொல் இன்னொருவர் வாய்வழியாகவே வைத்தியரைச் சென்றடைகின்றது. அந்த இன்னொருவர் பல வேளைகளிற் பத்து, பன்னிரண்டு வயதுடைய மூத்த பிள்ளை. தம்பியின் நோய்க்காக அன்று பாடசாலைக்குச் செல்லாது அழைத்துவரப்பட்ட அக்கா.

இதில் என்ன தவறு என்று கேட்போர் உளர். "ராத்திரி பிள்ளைக்கு இழுத்தது" என்று ஒரு தாய் சொன்னால், அது தொய்வினால் வந்த மூச்சிழுப்பாகவும் இருக்கலாம்; கைகால் இழுக்கும் வலிப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சோதனை வேறு, மருந்தும் வேறு. எதனைக் கருதினாள் என்று தாயிடம் திருப்பிக் கேட்க வேண்டுமென்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு தெரியும்?

1980இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். உண்டது நஞ்சாகிவிட்டது என்ற கருத்திற் குடும்பத்தினர் கூறிய ஸ்பானியச் சொல்லை, போதைமருந்தை மிகையாக உட்கொண்டார் என்று வைத்தியர்கள் விளங்கிக்கொண்டனர். மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவு உரிய வேளையிற் கண்டறியப்படவில்லை. அவரது கைகால்கள் நான்கும் செயலிழந்தன. ஒரு சொல்லின் விலை அது.

பிள்ளைக்கு நேரும் தீங்கு இன்னொன்று. தம்பியின் இருதயத்திற் குறையுண்டு என்ற செய்தியைத் தாய்க்கு முன்னதாக அக்கா அறிகின்றாள். அதனைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்லவேண்டியும் ஏற்படுகின்றது. அம்மா அழுவாள் என்று அஞ்சிச் செய்தியைக் குறைத்துச் சொன்னால், அப்பிள்ளையை யார் குற்றஞ்சொல்ல முடியும்?

நோர்வேயில் 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசரநிலை போன்ற சில விலக்குகள் தவிர, அரச சேவைகளிற் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளருக்காக நோயாளியிடம் பணம் அறவிடுவதில்லை. ஆயினும் வசதி இருப்பது வேறு, கேட்டுப் பெறுவது வேறு.

கேட்காமைக்குக் காரணங்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளரும் எம்மூரவராகவே இருப்பார், வீட்டுக்கதை வெளியே போய்விடும் என்ற அச்சம் முதலாவது. சிறிய சமூகத்தில் இது வீண் அச்சமன்று. ஆனால், தொழின்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பவரையும் கேட்கலாம். அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில், கேட்டாற் தொல்லையாகிவிடுமோ என்ற தயக்கம் மற்றையது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை கோருவதன்று. பிள்ளையின் நோயைச் சரியாகக் கண்டறிய வைத்தியருக்கு உதவுவதாகும்.

வைத்தியசாலைகளின் பொறுப்பையும் சொல்லாதிருக்க முடியாது. தமிழ் முகமொன்றைக் கண்டதும் அடுத்த அறைக்கு எம்மை அழைக்கின்றனர். எம்மவர்க்கு உதவுவது எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மருத்துவ மாணவர் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். எமது தமிழும் பலருக்கு வீட்டுத் தமிழே. ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் என்னும் சொற்களில் நாமே தடுமாறுகின்றோம். மாணவரும் பிள்ளைகளும் இலவசமாகக் கிடைக்கும்வரை, உரியவரை ஒழுங்குசெய்யும் அக்கறை நிர்வாகங்களுக்கு எழாது.

எனவே பெற்றோரை நாம் வேண்டுவது இதுதான். வைத்தியருடனான சந்திப்புக்கு நாள் பெறும்போதே, "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அவ்வொரு வாக்கியத்தை அந்நாட்டு மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மொழிபெயர்ப்பாளர் மூலம் நீங்களே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். மூத்த பிள்ளை அன்று பாடசாலைக்குப் போகட்டும்.