ஏன் என்பதற்கும் ஒரு வரி

மூன்றை அரையால் வகுத்தால் ஆறு. மாணவர் பலர் இதனை நொடியில் சொல்லிவிடுவர். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்னும் விதி அவர்களுக்கு மனப்பாடம். வகுத்த பின்னும் விடை மூன்றைவிடப் பெரிதானது ஏன் என்று வினவினால் வகுப்பறை அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கலைக்க மேலும் பத்துக் கணக்குகள் உதவமாட்டா. "மூன்று சப்பாத்திகளைப் பாதி பாதியாகப் பிய்த்தால் எத்தனை துண்டுகள் கிடைக்கும்? இதற்கும் அக்கணக்கிற்கும் உள்ள தொடர்பை இரண்டு வரிகளில் எழுதுக" என்னும் ஒரு தூண்டுவினா உதவும்.

கணக்கில் படிகளை எழுதுகின்றனரே, அவற்றிற்கு மதிப்பெண்ணும் உண்டே என்பர் சிலர். படி, செய்ததைக் காட்டும். செய்ததன் காரணத்தைக் காட்டாது. 0.45, 0.6 ஆகியவற்றுள் பெரியது எது என்னும் வினாவிற்கு 0.45 என்று ஒரு மாணவன் விடையளிக்கிறான். சிவப்பு மையால் தவறு எனக் குறியிடுவதோடு பெரும்பாலும் அது முடிந்துவிடுகிறது. எவ்வாறு முடிவு செய்தாய் என்று எழுதச் சொன்னால், "ஆறைவிட நாற்பத்தைந்து பெரிது" என்று அவன் எழுதக்கூடும். முழு எண்களுக்கு அது மெய்யே. 0.6 என்பதை 0.60 என்றும் எழுதலாம் என்று காட்டினால், அவன் தடுமாறிய இடம் அவனுக்கே விளங்கும். இன்னொருவன் 0.6 என்று சரியாகவே விடையளித்து, "இலக்கம் குறைந்தால் எண் பெரிது" என்று காரணம் எழுதக்கூடும். உண்மையில் கவலைக்குரியவன் இவனே. 0.3, 0.45 ஆகியவற்றைக் கொடுத்தால் தவறிவிடுவான். அதுவரை அவனுடைய பிழை எவர் கண்ணிலும் படாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியே பேசவைக்க நேரம் போதாது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம்.

இராமானுஜன் காரணம் எழுதினாரா என்று கேட்கும் மாணவரும் உண்டு; நல்ல கேள்விதான். அவர் பலகையில் கணக்கிட்டு அழித்துவிட்டு, முடிவுகளையே பெரும்பாலும் குறிப்பேடுகளில் பதிந்தார். 1913இல் அவரது கடிதத்தைக் கண்டு வியந்த ஹார்டி, முதலில் கேட்டவை நிரூபணங்களே. அக்குறிப்பேடுகளின் முடிவுகளுக்கு விளக்கம் தந்து புரூஸ் பெர்ண்ட் பதிப்பித்த ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. எழுதாமல் விட்ட காரணங்களைத் தேடப் பிறருக்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது.

மொழி தடையாகாதா என்னும் ஐயம் நியாயமானது. தில்லியிலும் மும்பையிலும் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு ஆங்கிலத்தில், விளையாட்டு இந்தியில், வீடு தமிழில். சிந்தனை தெளிவாக இருந்தும் சொல் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளையை மேலும் வருத்துதல் தகாது. எனவே இவ்வரிகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது; படமோ எண்கோடோ வரைந்தாலும் ஏற்க வேண்டும். முதல் வரைவை வீட்டுமொழியில் எழுத விடுவது இன்னும் நன்று. தமிழில் எட்டில் ஒரு பங்கிற்கு அரைக்கால் என்று பெயர். அதாவது காலில் அரை. அரையைக் காலால் பெருக்கினால் விடை ஏன் சிறுத்துவிடுகிறது என்பதற்கு அந்தச் சொல்லே விளக்கமாக நிற்கிறது. அதிலும் பாதி, மாகாணி. வீட்டில் உள்ள முதியோர் சிலருக்கு இப்பெயர்கள் இன்னும் நினைவிருக்கும்.

வெறுமனே "விளக்குக" என்று கேட்பதால் பயனில்லை. மாணவர் விதியையே திரும்ப எழுதிவிடுவர். யாருக்கு எழுதுவது என்பதும், எதனை மறுப்பது என்பதும் வினாவிலேயே இருக்க வேண்டும். வாரத்திற்கு ஒன்று போதும். எடுத்துக்காட்டாக ஒன்று: நண்பன் ஒருவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறான். அவனுடைய விடை அரையைவிடவும் சிறியது. சரியான விடையைச் சொல்லாமல், அவனே தன் தவறைக் காணுமாறு ஐந்து வரிகளில் ஒரு கடிதம் எழுதுக.