அரை மணி நேரத்துக் கோடு

1945 ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள், நள்ளிரவு. வாஷிங்டனில் ஓர் அறை. மேசைமீது ஒரு நிலப்படம். அதன்முன் இரண்டு படை அதிகாரிகள் — டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல். சரணடையும் ஜப்பானியரின் படைக்கலன்களை வடக்கே சோவியத்தும் தெற்கே அமெரிக்காவும் பெற்றுக்கொள்ள, கொரியாவுக்கு நடுவே ஓர் எல்லை வேண்டுமாம்! அவர்களுக்குத் தரப்பட்ட நேரம் அரை மணி. மலை எது, ஆறு எது, எந்த ஊரில் பெண் கொடுத்து எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாரில்லை. கொரியாவை அறிந்த ஒருவரையேனும் கலந்தாரில்லை. 38 ஆம் அட்சரேகை கண்ணில் பட்டது, சியோல் தம் பக்கம் விழுந்தது, போதும் என்றனர். மாஸ்கோவும் மறுக்கவில்லை.

தோற்றது ஜப்பான், துண்டாடப்பட்டதோ, 35 ஆண்டுகள் அதற்கு அடிமையாய்க் கிடந்த கொரியா! என்ன நீதி இது, தோழர்களே?

1948 இல் தெற்கே சிங்மன் ரீ, வடக்கே கிம் இல் சுங் என்று இரண்டு அரசுகள் எழுந்தன. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வல்லரசுகள் ஆட்டுவித்தன, கொரியர் ஆடினர் என்று கூறி முடிப்பது எளிது. நம் செவிக்கு இனிப்பதுங்கூட. ஆனால் அது பாதி உண்மையே. வடக்கே படை நடத்துவேன் என்று முழங்கியவர் ரீ. தெற்கே படையெடுக்க இசைவு தருக என்று ஸ்டாலினிடம் மீண்டும் மீண்டும் வேண்டி நின்றவர் கிம். 1949 இல் மறுத்த ஸ்டாலின், 1950 தொடக்கத்தில் இசைந்தார். ஏன்? அமெரிக்கப் படை தென்கொரியாவை விட்டு அகன்றிருந்தது. சீனத்தில் மாவோ வென்றிருந்தார். சோவியத்தின் கையிலும் அணுகுண்டு வந்திருந்தது. 1990களில் திறக்கப்பட்ட சோவியத்து ஆவணங்கள் இதைச் சொல்கின்றன.

1950 ஜூன் 25 அன்று போர் மூண்டது. ஒன்பது மாதங்களுக்குள் சியோல் நான்கு முறை கைமாறிற்று. அமெரிக்க விமானங்கள் கொட்டிய குண்டுகள் 6 இலட்சத்து 35 ஆயிரம் டன். வானிலே எதிர்த்துப் பறந்தவர்களுள் சோவியத்து விமானிகளும் உண்டு, சீன உடையில் மறைந்து! வாஷிங்டன் அதனை அறியும். அறிந்தும் வாய் திறக்கவில்லை. சொன்னால் உலகப்போர் மூளுமே என்ற அச்சம். அந்த அச்சம் மாஸ்கோவையும் நியூயார்க்கையும் காத்தது, பியோங்யாங்கைக் காக்கவில்லை.

இதனினும் கொடிது பின்னர் நடந்தது. 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. போர்முனை அதன்பின் பெரிதாய் நகரவில்லை. கொலை மட்டும் ஈராண்டு நிற்கவில்லை! போர்க் கைதிகளை என்ன செய்வது என்பதே வழக்கு. திரும்ப விரும்பாதவனை வலிந்து அனுப்போம் என்றது அமெரிக்கா. அதில் அறம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அறத்துக்கு நாள்தோறும் பலியிடப்பட்டவர்களை யார் கேட்டார்? போர் நீண்டால் தமக்கு ஆதாயம் என்று கணக்கிட்டார் ஸ்டாலின். 1953 மார்ச்சு 5 இல் அவர் மறைந்தார். ஜூலை 27 இல் பான்முன்ஜோமில் கையொப்பம் விழுந்தது! சிங்மன் ரீயோ ஒப்பமிட மறுத்தார்.

மாண்டவர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டும், பெரும்பாலோர் கொரியரே. எல்லையோ, ஏறக்குறையப் பழைய இடத்திலேயே நின்றது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. 2006 இல் வடகொரியா அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. பிரிந்த குடும்பத்தார் சிலர் 2000 இல், ஐம்பதாண்டுக்குப் பின், சில நாட்கள் சந்திக்க விடப்பட்டனர். தாயைத் தேடி வந்த மகனே கிழவனாகி இருந்தான்.

நாடு திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பு, ஜெனரல் திம்மையா தலைமையில் இந்தியாவிடம் வந்தது. வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா என்றோர் 88 பேர். பெரும்பாலோர் கொரியர், சிலர் சீனர். அவர்களை ஏற்றிய கப்பல் 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தது. பலர் பின்னர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடியேறினர். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர்.