வித்தை என்பது வசைச்சொல் அன்று

நம் இலக்கியச் சூழலில் ஒரு கலைஞனைத் தீர்த்துக்கட்ட நெடிய விமர்சனம் எதுவும் தேவையில்லை. ‘வித்தை காட்டுகிறான்’ என்று இரண்டு சொற்கள் போதும். கவிதையில் யாப்பு தெரிந்தவன் வித்தைக்காரன், சிறுகதையில் வடிவம் தெரிந்தவன் வித்தைக்காரன். மின்கிட்டாரின் விரற்பலகை மேல் இரு கைவிரல்களையும் ஓடவிடும் இளைஞனோ சந்தேகத்துக்கே இடமின்றிக் கழைக்கூத்தாடி. இத்தீர்ப்பைச் சொல்பவர்களோடும், இத்தீர்ப்புக்குத் தக்கவாறே வாசித்துத் தொலைக்கிற இளைஞர்களோடும், இரு தரப்பாரோடும் எனக்கு வழக்கு உண்டு. நீடாமங்கலத்துக்காரனாகிய எனக்கு இவ்வழக்கில் சாட்சி சொல்ல ஒரு வாத்தியமும் உண்டு. அதைப் பின்னர் அழைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிட்டாரில் இடக்கை விரல்கள் தந்தியை மெட்டுகளின் அருகே அழுத்தும், வலக்கை மீட்டும் என்பது பொதுமுறை. ‘டேப்பிங்’ என்னும் முறையில் வலக்கை விரலும் விரற்பலகைக்கே வந்து தந்தியைச் சுத்தியல்போல் தட்டும். அந்தத் தட்டே ஒலியாகும். பின்பு அவ்விரல் தந்தியைச் சற்றே பக்கவாட்டில் இழுத்து விடும்போது, இடக்கை முன்பே அழுத்தி வைத்திருக்கும் கீழ்ச்சுரம் ஒலிக்கும். அடுத்து இடக்கையின் இன்னொரு விரல் தட்ட மூன்றாவது சுரம். தட்டு, இழுப்பு, தட்டு. இந்த மூன்றும் சுழன்றுகொண்டே இருப்பதுதான் இதன் மிகப் பரவலான அமைப்பு. 1978-இல் எட்டி வான் ஹேலன் தம் குழுவின் முதல் இசைத்தட்டில் வாசித்த ‘எரப்ஷன்’, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டு, இம்முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. அவர் கண்டுபிடித்ததன்று இது. ஜிம்மி வெப்ஸ்டர் என்பவர் 1950-களிலேயே இரு கைகளாலும் தொட்டு வாசிக்கும் முறைக்குப் பாடநூல் எழுதியிருக்கிறார். 1985-இல் ஸ்டான்லி ஜோர்டன் இதே முறையைக் கொண்டு மெட்டையும் துணைச்சுரங்களையும் ஒரே நேரத்தில், பியானோவில்போல, கிட்டாரில் வாசித்துக் காட்டினார். ஆக, முறை ஒன்று, அதிலிருந்து பிறந்த இசை பலவகை. கருவியின் உத்தியைக் கண்ட மாத்திரத்தில் இசையின் தரத்தைத் தீர்மானித்துவிடும் நம் ரசிகமணிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி இளைஞர்கள் பக்கம் வருகிறேன். டேப்பிங்கை மேம்படுத்திக்கொள்வது என்றால் வேகத்தைக் கூட்டுவது என்று இவர்கள் நம்புகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று மெட்ரோனோமின் எண்ணை ஏற்றிக்கொண்டே போவது ஒன்றுதான் பயிற்சி. மஞ்சள் நிற எண்கட்டங்களைப் பார்த்து, எந்த மெட்டில் எந்த விரல் என்று மனப்பாடம் செய்து, ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகி வைத்துவிட்டால் வந்தது போலவே இருக்கும். ஆனால் வந்திருக்காது. டிஸ்டார்ஷன் பெரிய ஒலியையும் சிறிய ஒலியையும் நெருக்கி ஏறத்தாழ ஒரே அளவாக்கிவிடும். வலக்கைத் தட்டு வலுவாகவும், இடக்கைத் தட்டு நோஞ்சானாகவும், இழுப்பு பாதி காற்றாகவும் இருப்பதை அது போர்வை போட்டு மூடும். போர்வையை எடுத்துவிட்டுத் தூய ஒலியில் அதே வாசிப்பைக் கேளுங்கள். மூன்று சுரங்களில் ஒன்றுதான் காதில் விழும். மற்ற இரண்டும் அதன் நிழல்கள். நடுநடுவே தொடாத தந்திகள் வேறு முனகிக்கொண்டிருக்கும்.

குறை வேகத்தில் இல்லை, எடையில் இருக்கிறது. ஒவ்வொரு விரலின் அடிக்கும் சம எடை வேண்டும். சம எடை வந்த பிறகு, விரும்பிய அடிக்கு மட்டும் கூடுதல் எடை தரும் ஆற்றல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவனுக்கு வேகம் ஒரு மறைவிடம் மட்டுமே.

இப்போது என் சாட்சியை அழைக்கிறேன். இருநூறு ஆண்டுப் பழமையைத் தோண்ட வேண்டியதில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) வாழ்ந்த ஊர் இது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்துக்கு நிகராக நின்ற தவில் அவருடையது. அவர் வழியில் வந்தவர் நாச்சியார்கோவில் இராகவப் பிள்ளை. அந்த இராகவப் பிள்ளையிடம் கடல்கடந்து வந்து பயின்றவர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975). இந்தப் பெயர்களை நம் சிற்றிதழ்களின் பக்கங்களில் எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிகுதி.

தவில் என்பது என்ன? பலாமரத்தில் குடைந்த உடல். இறுகக் கட்டிய வலந்தலை, தளர்ந்த தொப்பி. வலக்கை விரல்களில் மாவுப்பசையால் இறுக்கிய கூடுகள், இடக்கையில் பூவரசங்கழி. ஒரு கைக்கு ஐந்து கருவிகள், மறு கைக்கு ஒரே கருவி. இயல்பிலேயே சமமற்ற இவ்விரண்டு கைகளையும் ஒரே வாக்கியத்தைப் பேச வைப்பதுதான் தவில்காரரின் வாழ்நாள் வேலை. டேப்பிங் பழகும் கிட்டார்க்காரனின் சிக்கலும் இதுவே அல்லவா? அவனுக்கும் ஒரு கை தட்டி இழுக்கிறது, மறு கை அழுத்தித் தட்டுகிறது. வேலை வேறு, வலு வேறு, வாக்கியம் ஒன்று.

தவில் பயிற்சியில் விரலுக்கு முன்பு வாய் வேலை செய்கிறது. சொற்கட்டை வாயால் சொல்லித் தாளத்தைக் கையால் போட்டு, அது உடம்பில் ஊறிய பிறகே தோலின் மேல் கை விழும். பின்பு அதே சொல்லை முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டித்து இரட்டித்துச் சாதகம். இதில் காலப்பிரமாணம் என்பது ஓட்டப்பந்தயமன்று. மூன்றாம் காலத்தில் ஓடியவன் திரும்ப முதற்காலத்துக்கு இறங்கி, அங்கே ஒவ்வொரு அடிக்கும் இடையிலுள்ள வெளியைப் பிசகாமல் நிரப்பிக் காட்ட வேண்டும். இறங்கத் தெரியாதவனுக்கு ஏறியதும் கணக்கில்லை.

கிட்டாருக்கு இதைக் கொண்டுவருவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தட்டு, இழுப்பு, தட்டு என்னும் மூன்றின் சுழற்சியைத் ‘தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் வரும், ஏனெனில் அழுத்தம் எப்போதும் வலக்கைத் தட்டின் மேலேயே விழுகிறது. இப்போது விரல்கள் அதே மூன்றைச் சுழற்றட்டும், வாய் மட்டும் ‘தகதிமி’ என்று நான்காகச் சொல்லட்டும். ஒவ்வொரு ‘த’வுக்கும் அழுத்தம் கொடுக்க வேண்டும். முதல் அழுத்தம் வலக்கைத் தட்டில், அடுத்தது இழுப்பில், அதற்கடுத்தது இடக்கைத் தட்டில். பன்னிரண்டு ஒலிகள் கடந்த பின்பே அழுத்தம் வலக்கைக்குத் திரும்பும். ‘தகதகிட’ என்று ஐந்தாகச் சொன்னால் வரிசை மாறும்: வலக்கைத் தட்டு, இடக்கைத் தட்டு, இழுப்பு. பதினைந்தாவது ஒலி முடிந்த பிறகு மீண்டும் வலக்கை. நோஞ்சான் விரல் ஒளிந்துகொள்ள இதில் இடமே இல்லை. அதன் முறை வந்தே தீரும், கணக்கு அதை அழைத்தே தீரும். டிஸ்டார்ஷன் இல்லாமல், ஒரு வாரம், முதற்காலத்தில் மட்டும் இதைச் செய்பவனுக்கு வேகத்தைத் தேடி அலையும் அவசியம் குறைந்துவிடும்.

எதிர்வாதம் வரும். தவில் தோற்கருவி, கிட்டார் தந்திக்கருவி. தவிலில் சுரத்தை இழுத்து விடும் வேலை இல்லை. தொடாத தந்தியை அடக்கும் தொல்லையும் இல்லை என்பார்கள். உண்மைதான். விரல் மெட்டுக்கு மிக அருகே விழ வேண்டும் என்பதையும், இழுப்பின் திசையையும், சும்மா இருக்கும் தந்திகளை உள்ளங்கையாலோ கழுத்தின் தலைப்பில் சுற்றிய துணியாலோ அடக்குவதையும் கிட்டார் ஆசிரியரிடமே கற்க வேண்டும். தவிலிடம் கற்க வேண்டியது எடையும் காலமும். இவற்றைக் கற்பிக்க இந்தக் காவிரிப் படுகையைவிடத் தேர்ந்த பள்ளி எங்கே இருக்கிறது?

‘அந்நியக் கருவிக்கு நம் கணக்கு எதற்கு?’ என்று கேட்கும் தூய்மைவாதிகளுக்குத் தஞ்சையின் வரலாற்றையே நினைவூட்டுகிறேன். வயலின் எங்கிருந்து வந்தது? தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைக் கையிலெடுத்தபோது அது ஐரோப்பியக் கருவி. 1834-இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். நின்று தோளில் வைத்து வாசித்ததைத் தரையில் அமர்ந்து காலில் ஊன்றி வாசிக்கச் செய்தோம். இன்று அது இல்லாமல் கச்சேரி இல்லை. மின் மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸ் ஏந்தியபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சுளித்த முகங்கள் மறைந்தன, இசை நிற்கிறது. இங்கிலாந்தில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின் 1970-களிலேயே ‘சக்தி’ குழுவில் நம் லயத்தோடு கிட்டாரை இணைத்தார். 2007-இல் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தையே டிவிடியாக வெளியிட்டார். யார்க்‌ஷயர்க்காரருக்குத் தெரிந்த முகவரி நீடாமங்கலத்துப் பையனுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் முதலில் சொன்ன ‘வித்தை’ என்னும் வசைச்சொல்லுக்குத் திரும்புகிறேன். தவிலை நாம் கேட்பதேயில்லை. திருமண மண்டபத்தில் தனியாவர்த்தனம் நடக்கும்போது பந்தியில் இருப்போம். கெட்டிமேளத்துக்கு மட்டும் விரலை ஆட்டிக் குறிப்புக் காட்டுவோம். சபா மேடையில் மிருதங்கத்துக்கு ஓர் இருக்கை, தவிலுக்குக் கோயில் வாசல் என்று பிரித்து வைத்ததில் ஓசையின் அளவுக்கு மட்டுமல்ல, சாதிக்கும் பங்குண்டு. இதைச் சொல்லாமல் லயத்தைப் பற்றிப் பேசுவது பம்மாத்து. ஒரு சமூகத்தின் விரல்களில் குடியிருந்த அறிவை ‘வெறும் கைவேலை’ என்று கீழே வைத்துவிட்டு, உணர்வு, தரிசனம், அகவெழுச்சி என்னும் சொற்களை நாம் மேலே வைத்துக்கொண்டோம். அதே பார்வையைத்தான் இன்று கிட்டார்ப் பையன் மேலும் வீசுகிறோம். அவனும் பதிலுக்கு நம்மையும் நம் மரபையும் ஒருசேரப் புறக்கணித்துவிட்டு, கைப்பேசித் திரைக்குள் அமெரிக்க ஆசிரியரைத் தேடிப் போகிறான்.

தமிழிலக்கியம் இந்த மேட்டிமைக்கு ஒருபோதும் துணைநின்றதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோ தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தை யாழாசிரியனுக்குக் குறையாத மதிப்போடு வகுக்கிறார். பிற கருவிகளில் குறைவதை நிரப்பவும் மிகுவதை அடக்கவும் தெரிந்த கை அவருக்கு வேண்டியிருந்தது. கானல்வரியில் கோவலன் பாடத் தொடங்குமுன் யாழின் மேல் விரல்கள் செய்யும் வார்தல், வடித்தல், உருட்டல் முதலான எட்டுக் கரணங்களைப் பெயர்சொல்லி எண்ணுகிறார். காதலும் ஊடலும் பிரிவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. விரலின் வேலையை எண்ணிச் சொல்ல ஒரு காப்பியப் புலவனுக்கு நேரமிருந்தது. நம் விமர்சகர்களுக்கு இல்லை.

ஆகவே என் கட்சியை வெளிப்படையாகவே வைக்கிறேன். கிட்டார் பழகும் தம்பிகளே, மெட்ரோனோமின் எண்ணைக் குறையுங்கள். வெற்றிலை பாக்கும் உரிய கட்டணமும் கொண்டு உங்கள் ஊர்த் தவிலாசிரியரிடம் மாணவனாகப் போய் அமருங்கள், ஆறு மாதம் சொற்கட்டு மட்டும் கேளுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் பாய்கள்தாம் நம் அவமானம். இலக்கிய நண்பர்களே, அடுத்த முறை ஓர் இளைஞனின் விரல்களைப் பார்த்து ‘வித்தை’ என்று உதட்டைப் பிதுக்குமுன், அவனுடைய மூன்றாவது அடிக்கு முதல் அடியின் எடை இருந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இருந்தது என்றால், எழுந்து கைதட்டுவதில் நம் இலக்கியத்துக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.