பூடில் கலப்புக் குட்டியும் குறைந்த பட்ஜெட்டும்: எங்கள் நிலைப்பாடு

விருத்தாசலம் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வளர்ப்பு நாய்கள், தெருநாய்கள் நலனுக்காக இயங்கும் தன்னார்வலர் அமைப்பின் அறிக்கை

கேள்வி என்ன?

"முடி கொட்டாத சின்ன நாயா வேணும். பூடில் கிராஸ் குட்டி குறைஞ்ச விலைக்குத் தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் செராமிக் தொழிற்பேட்டையில் பீஸ் கணக்கில் பொம்மையும் அகல்விளக்கும் செய்பவர்கள், சிறிய கடை வைத்திருப்பவர்கள், நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்வருபவர்கள். பிள்ளைகள் போனில் மால்டிபூ, ஷிபூ, லாப்ரடூடுல் என்ற பூடில் கலப்புகளைப் பார்த்துவிட்டு அடம்பிடிக்கிறார்கள். பெற்றோருக்கும் ஆசைதான், கையிருப்புதான் அளவாக இருக்கிறது. கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே பதிலாகத் தொகுத்துத் தருகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

1. பூடில் கலப்பு நாய் வளர்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்குவதை எதிர்க்கிறோம்.

2. பட்ஜெட் என்பது குட்டிக்குக் கொடுக்கும் விலை அல்ல. முடிவெட்டு, தடுப்பூசி, அவசர சிகிச்சை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் கணக்குதான் பட்ஜெட்.

3. வருமானம் அளவாக உள்ள வீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை நாட்டுக் குட்டி. இரண்டாவது, வேறு வீட்டிலிருந்து இடம் மாறும் வளர்ந்த நாய். பதிவு பெற்ற வளர்ப்பாளரிடம் வாங்கும் பூடில் கலப்புக் குட்டி மூன்றாவது.

4. தாய் நாயைக் காட்டாமலோ, எட்டு வாரம் நிரம்பாமலோ, ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியோ விற்கப்படும் குட்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

"முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்ற பேச்சு

பூடில் கலப்பின் மீதான மோகம் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஒரு நல்ல முயற்சியிலிருந்து பரவியது. 1980-களின் இறுதியில், விக்டோரியா மாநில வழிகாட்டி நாய் அமைப்பில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரு குட்டி மட்டுமே. தான் தொடங்கிவைத்தது கட்டுப்பாடற்ற வியாபாரமாக மாறியதற்காகக் கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

முதல் ஈற்றிலேயே மூன்றில் ஒன்றுதான் ஒத்துப்போனது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிளிலும் இருக்கின்றன. முடி உதிராத நாயிடமும் அவை உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, "அலர்ஜி தராத இனம்" என்று விற்கப்படும் நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று கண்டது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த நாயோடு சில முறை நீண்ட நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முடி கொட்டாது என்பதும் உறுதி இல்லை. நாயின் முடி நீளம், சுருள், மீசை தாடி ஆகியவற்றைத் தீர்மானிப்பதில் மூன்று மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2009-இல் கண்டறிந்தார்கள். கலப்பில் அவை எப்படிச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் ஒன்று பூடிலைப் போலச் சுருள்முடியோடும், இன்னொன்று லாப்ரடாரைப் போலக் கொட்டும் முடியோடும் வளரலாம். பொமரேனியன், லாப்ரடார் போன்ற இரட்டை அடுக்கு முடி உள்ள இனத்தோடு கலந்தால், உதிரும் அடிமுடி சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாயைப் பராமரிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

எங்கே பணம் போகிறது

பூடிலின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டு வாழும் நாய்க்கு ஏறத்தாழ 80 முதல் 100 முடிவெட்டு. வெட்டாமல் விட்டால் முடி சடையாகி, அடியில் தோல் புழுங்கிப் புண்ணாகும். அதற்குள் உண்ணி புகுந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. தொங்கும் காதுக்குள் முடி வளரும் நாய்க்குக் காதில் சீழ் பிடிப்பதும் அடிக்கடி நடக்கும். கத்தரி வெயிலில் சிமென்ட் ஷீட் வீட்டுக்குள் அடர்ந்த முடியோடு ஒரு நாய் என்ன பாடுபடும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிறிய பூடில் கலப்புகளில் முழங்கால் சில்லு நழுவுவது, பல் நெருக்கம், விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போவது ஆகியவை பரம்பரையாக வரலாம். "கிராஸ் நாய்க்கு நோயே வராது" என்பது விற்பனைப் பேச்சு. பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், காக்கபூ, லாப்ரடூடுல், கவாபூ ஆகிய பூடில் கலப்புகளுக்கும் அவற்றின் தாய், தந்தை இனங்களுக்கும் இடையே பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை என்று தெரியவந்தது.

குட்டிக்கு முதல் ஆறு மாதம்தான் கண்டம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி போட வேண்டும். மூன்று மாதத்தில் ரேபீஸ் ஊசி. இடையில் குடற்புழு மருந்து. ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் வாந்தி, ரத்த பேதி, நாள்கணக்கில் குளுக்கோஸ் என்று செலவு ஓடும். குட்டி பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. மலிவு விலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஊசி, புழு மருந்து, தாய்க்கு நல்ல தீனி என்று விற்பவர் செய்யாமல் மிச்சம் பிடித்த செலவுதான் வாங்கியவர் தலையில் வட்டியோடு விழுகிறது.

இந்த ஊரின் வருமானம் சீராக வருவதில்லை. நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முன்னால் பட்டறையில் வேலை நெருக்கும். அடைமழையில் வார்த்த பொருள் காயாமல் கூலி குறையும். நாயின் செலவு அப்படிக் குறைவதில்லை. ஆகவே குட்டிக்கு ஒதுக்கும் தொகைக்குச் சமமான இன்னொரு தொகையை மருத்துவத்துக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாத வீடு, அந்தக் குட்டியை வாங்கக் கூடாது என்கிறோம். குழுக்கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ வாங்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் குட்டிக்குத் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். "முப்பது நாள் குட்டி, நல்லா ஆக்டிவா இருக்கு" என்ற விளம்பரம், விதிமீறலைத் தானே எழுதி ஒட்டிக்கொள்வதாகும்.

"ஒரிஜினல் பேப்பர் இருக்கு" என்பது இன்னொரு பொய். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தனி இனங்களுக்குத்தான் வம்சச் சான்று தருகிறது. கலப்பினத்துக்கு அந்தச் சான்றைக் காட்டி அதிக விலை கேட்பவரிடமிருந்து அங்கேயே விலகிவிடுங்கள்.

2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்குவதைத் தடுக்க முற்பட்டது. அது உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. அந்தப் பட்டியலில் பூடில் இல்லை. நாங்களும் தடை கேட்கவில்லை. இருக்கும் விதிகளை நடைமுறைப்படுத்தினாலே மோசமான வியாபாரத்தில் பெரும்பகுதி நின்றுவிடும் என்பது எங்கள் கருத்து.

வாங்கியே தீர்வது என்றால்

பீங்கான் கிண்ணம் வாங்கும்போது விரலால் சுண்டி ஒலி கேட்கிறோம். கிளேஸுக்கு அடியில் உள்ள விரிசலை அந்த ஒலிதான் காட்டிக்கொடுக்கும். குட்டிக்கு அப்படிப்பட்ட சோதனை, தாயை அதன் இடத்தில் நேரில் பார்ப்பது. தாய் எலும்பும் தோலுமாக இருந்தாலும், மனிதரைக் கண்டு பதுங்கினாலும், "தாய் வேற ஊர்ல இருக்கு" என்று சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நேரில் பார்க்கும் முன் ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிளும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண், மூக்கு, காது, வயிறு, ஆசனவாய் ஆகியவற்றைப் பாருங்கள்: சீழ், நாற்றம், உப்பிய வயிறு, பேதி எதுவும் இருக்கக் கூடாது. வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டலாம், நோய் இருந்தால் குட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவர் தன் குட்டியைத் தானே நம்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் சீப்பால் அடிவரை வாருங்கள். முடியைக் குட்டையாகவே வைத்திருங்கள். அழகுக்காக நீளமாக விடுவது பணம் உள்ளவர்களின் விளையாட்டு. நல்ல கிளிப்பர் ஒன்று வாங்கிப் பழகிக்கொண்டால் முடிவெட்டுச் செலவு கணிசமாகக் குறையும். ஊசிக்கு மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்; நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 ரேபீஸ் தினத்தையும் ஒட்டி இலவச ரேபீஸ் ஊசி முகாம்கள் நடப்பதுண்டு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி, நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய மருத்துவ நிறுவனம்.

நாட்டுக் குட்டியை ஏன் முன்வைக்கிறோம்

நாட்டுக் குட்டிக்கு முடிவெட்டு வேண்டாம். நம் வெயில் அதற்குப் புதிதல்ல. சோறு, முட்டை, கோழி என்று வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டு வளரும். வெங்காயமும் சமைத்த எலும்பும் கூடாது. செலவே இல்லாத நாய் என்று நாங்கள் சொல்லவில்லை. அதே ஊசிகள், அதே புழு மருந்து, கருத்தடை எல்லாம் இதற்கும் வேண்டும். பெட்டைக் குட்டியை எடுக்க மக்கள் தயங்குகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் தெருநாய்களைத் தத்தெடுக்க வழிவிட்டது. எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொன்னது.

நாட்டு இனம் என்ற பெருமைக்காகச் சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ ஒற்றை அறை வீட்டில் கட்டிப்போடுவதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. அவை ஓடுவதற்கென்றே உருவான நாய்கள்.

பூடில் கலப்புதான் வேண்டும் என்பவர்கள், வேறு வீட்டில் வளர்க்க முடியாமல் கொடுக்கப்படும் வளர்ந்த நாயைக் கேட்டுப் பாருங்கள். குட்டியிடம் ஊகமாக இருக்கும் அளவு, முடி, குணம் எல்லாம் வளர்ந்த நாயிடம் கண் முன்னால் தெரியும். கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு இந்த நிச்சயம்தான் பெரிய சேமிப்பு.

"அப்படியானால் ஏழை வீட்டில் நாயே வளர்க்கக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாக வளர்க்கலாம். நாய்க்கு வேண்டியது கூட இருக்கும் ஆள், வேளைக்குச் சோறு, காலத்தில் ஊசி. இவற்றைத் தரும் எளிய வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த வீடுகளை மோசமான வியாபாரியிடமிருந்து காப்பாற்றத்தான் இந்த அறிக்கை.

நாங்கள் கேட்பது

நகராட்சி, தெருநாய் கருத்தடையையும் தடுப்பூசியையும் 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி இடைவிடாமல் நடத்த வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை, பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். பதிவில்லாத விற்பனையைக் காவல்துறை புகாராக ஏற்க வேண்டும். வளர்த்த நாயைத் தவிக்க விட்டுக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இந்தத் தொகையை உயர்த்தும் திருத்தத்தை நாடாளுமன்றம் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும்.

குடும்பங்களுக்கு எங்கள் யோசனை

குட்டி வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். நாய் வீட்டில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, முடிவெட்டுக்கும் மருந்துக்கும் ஆகும் காசை மாதந்தோறும் தனியே போட்டுவாருங்கள். மழைக்கால மாதமும் இந்த ஆறில் வரட்டும். ஒரு மாதமும் தவறவில்லை என்றால் பூடில் கலப்பு வளர்க்க உங்கள் வீட்டால் முடியும். சேர்ந்த பணமே அவசர சிகிச்சைக்கான முதல். இரண்டு மூன்று மாதம் தவறியது என்றால் எங்களிடம் வாருங்கள். ஊசி போட்ட நாட்டுக் குட்டி ஒன்றை உங்களுக்காகத் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.