நாலு நூல் என்றால் எவ்வளவு?

போன மாதம் விடுமுறைக்குப் பேரன் கோவையிலிருந்து வந்திருந்தான். செல்போனில் வீடியோ பார்த்துத் தச்சு வேலை கற்றுக்கொள்கிறானாம். காபிக் களத்து ஓரம் கிடந்த சில்வர் ஓக் பலகையை எடுத்து, "தாத்தா, உங்களுக்கு ஒரு ஸ்டூல் செய்து தர்றேன்" என்றான். எனக்குச் சந்தோஷம்தான்.

உளி மட்டும் அடுத்த தெரு ஆசாரியிடம் இரவல் கேட்டோம். "எத்தனை நூல் உளி வேணும் தம்பி?" என்றார். இவன் விழித்தான். பிறகு, "பன்னிரண்டு எம்.எம்." என்றான். அவர் நாலு நூல் உளியை எடுத்துக் கொடுத்தார்.

நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அங்குலத்துக்கு எட்டு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும் ஆசாரிகள் பேச்சை விட்டு நூல் போகவில்லை. பேரன் உளியின் அகலத்துக்குத் துளை எடுத்தான். அதற்குள் நுழைய வேண்டிய நாக்கை 12 மில்லிமீட்டர் அளந்து அறுத்தான். வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால் கிடுகிடுவென்று ஆடியது. ஆசாரி வந்து பார்த்துச் சிரித்தார், ஆப்பு சீவி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தச்சு வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு மெஷின் வாங்கித் தருவதற்கு முன்னால் ஆசாரிகளின் சொற்களைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. மொழிப்பற்றில் இதைச் சொல்லவில்லை. ரீப்பர், பிளைவுட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சில்வர் ஓக்கே காபிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஆனால் சில சொற்களுக்குள்ளேயே வேலை இருக்கிறது.

'வைரம்' என்ற சொல்லைப் பாருங்கள். மரத்தின் நடுவில் நிறம் ஏறி இறுகிய பாகம் அது. சுற்றியுள்ள வெளுத்த பாகத்தில் நிலை செய்தால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், நாம் உளுத்துப்போச்சு என்போம். வைரம் பாய்ந்த கட்டை என்று என்னைப் போன்ற கிழவர்களைச் சொல்வதும் இதை வைத்துத்தான் (என் முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும்).

இன்னொன்று 'ஓட்டம்'. மரத்தின் நார் ஓடுகிற பக்கமாகத்தான் இழைப்புளியைத் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் சிலாம்பு பெயரும். பேரன் எதிர்த்துத் தள்ளினான், விரலிலும் ஒன்று ஏறியது. "கிரெய்ன் பார்க்கலை தாத்தா" என்றான். வார்த்தை தெரிந்திருக்கிறது, அது பலகையில் எங்கே இருக்கிறது என்று யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. ஆசாரி பலகையைத் தடவிப் பார்த்து, "இப்படி ஓடுது" என்று ஒரு விரலால் கோடு இழுத்தார். அவ்வளவுதான் பாடம்.

கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம் இதெல்லாம் ஒரு நாளில் வந்துவிடும். ஓட்டமும் வைரமும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். பக்கத்தில் நிற்க இப்போது யார் இருக்கிறார்கள்? அவர் மகன் வேன் ஓட்டுகிறான். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஐந்து வருடம் முன்பு பின்கட்டுக்குக் கதவு வேண்டியிருந்தபோது, சீக்கிரம் ஆகுமென்று மலைக்குக் கீழே போய் ரெடிமேடு கதவு வாங்கி வந்தேன். முதல் ஐப்பசி மழைக்கே உப்பிவிட்டது, இப்போதும் தோளால் தள்ளித்தான் திறக்கிறேன். வேலை இல்லாமல் அடுத்த தெருவில் உட்கார்ந்திருந்த ஆசாரி இதுபற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன், பக்கத்திலேயே படமும் போடுகிறேன். துளைக்குள் போகும் முனையை இவர் நாக்கு என்கிறார், கழுந்து என்றும் ஒரு சொல் உண்டு. தாண்டிக்குடிப் பக்கம் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதையும் எழுதிக்கொள்கிறேன்.